பாதிப் படை

காலமான அப்பா சேர்த்து வைத்திருந்த ஈயச் சிப்பாய் பொம்மைகளை அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பளபளத்தவை அண்ணனுக்கு, பெயிண்ட் உரிந்தவை தம்பிக்கு.

அண்ணன் பெட்டியோடு படியிறங்கியதும் தம்பியின் மனைவி பொரிந்து தள்ளினாள்.

“நல்லதையெல்லாம் உங்க அண்ணன் அள்ளிட்டுப் போறார். நீங்களும் அந்தச் சிப்பாய் மாதிரியே விறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க!”

“போடி பைத்தியம்! உரிஞ்சாலும் பழைய பெயிண்ட்டுக்குத்தான் விலை. மேல புதுசா பூசிட்டா, சேகரிக்கிறவன் சீந்தக்கூட மாட்டான்.”

“அப்போ அவர் கொண்டுபோனதுக்கெல்லாம் புதுசா பூசினது யாரு?”

“நான்தான். போன வாரம் பாதிக்குப் பூசி வச்சேன். பளபளப்பைக் கண்டா அண்ணன் மயங்கிடுவாருன்னு எனக்குத் தெரியாதா?”

மனைவி யோசித்தாள். “பூசாட்டியும் உங்களுக்குப் பாதி வந்திருக்குமே. இதுல நமக்கு என்ன லாபம்?”

தம்பி நகத்திலிருந்த சிவப்புப் பெயிண்டைச் சுரண்டியபடி சிரித்தார்.

“அண்ணனுக்கு நஷ்டமாச்சே!”