சத்தம் கேட்கிற சட்டி

காப்பிக்கொட்டை வறுக்க என்னென்ன உண்டு என்று என் பாத்திரக்கடைக்கு வந்தவள் கேட்டாள். இருந்த மூன்றையும் எடுத்துக் கல்லாவின் முன்னால் வைத்தேன்.

ஒரு மண்சட்டி. ஓர் இரும்புச் சீனச்சட்டி. கைப்பிடியைச் சுற்றினால் உருளுகிற தகர டப்பா ஒன்று, அது பெரிய வீட்டுக்காரர்களுக்கு.

இதற்கு முன்னால் வறுத்ததுண்டா என்று விசாரித்தேன். இல்லையாம். அவள் வீட்டில் காப்பி குடிப்பவர்களே இல்லையாம். பிறகெதற்கு இந்த வேண்டாத வேலை என்று கிண்டல் செய்தேன். பாறசாலைச் சந்தையில் என் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது.

அவள் சிரிக்கவில்லை.

புதிதாக வறுப்பவர்களுக்கு மண்சட்டிதான் நல்லது என்று எடுத்துச் சொன்னேன். சூடு மெல்ல ஏறும். கொட்டை கருகாது. கஞ்சித்தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் பழக்கினால் போதும்.

எதில் சத்தம் அதிகம் என்று கேட்டாள்.

கொட்டை வெடிக்கும் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். மண்சட்டியை மூடிவைத்து வறுத்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது என்று தைரியம் சொன்னேன்.

மண்சட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தாள். காப்பிக்கடைக்காரர்கள் எதில் வறுப்பார்கள் என்றாள். இரும்பில்தான் என்றேன். இப்போதே அதில் வறுத்துக் காட்ட முடியுமா என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு கைப்பிடி பச்சைக்கொட்டை.

இப்படியும் ஒரு கிராக்கியா என்று முனகிக்கொண்டு கரியடுப்பை மூட்டினேன். கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது அடங்கும்வரை காத்திருந்துதான் விஷயத்தைச் சொன்னாள். பெயர் அம்மிணி. ஆடி மாதத்து ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த வேலாயுதனின் அம்மா.

சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தேன்.

அன்று மத்தியானம் அவள் அடுக்களையில் இருந்தாள். சத்தம் கேட்டது. பின்னாலிருக்கும் காப்பிக்கடையில் ஊர்வலக்காரர்களுக்காகக் கொட்டை வறுக்கிறார்கள் என்று நினைத்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் வரப்போரம் கிடந்த பையனுக்கு ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது. தண்ணீர் கேட்டிருக்கிறான்.

"கடுகு வெடிச்சாலும் எனக்கு இப்ப அதாக்கும் கேக்குது. அண்ணன் அன்னைக்கு அங்க நின்ன ஆளு. ரெண்டும் ஒண்ணு போலதானான்னு கேட்டுச் சொல்லணும்."

நின்ற ஆள்தான். வேலாயுதனுக்கு இரண்டு வரிசை பின்னால் நின்றேன். அவன் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஓடினேன்.

அந்தச் சத்தத்தைக் கிட்டத்தில் கேட்டவனுக்கு வேறெதுவும் அதுபோலக் கேட்காது. சட்டியில் வெடித்தது வெறும் கொட்டை. தூரத்து அடுக்களைக்கு அன்று எப்படிக் கேட்டதோ, எனக்கெப்படித் தெரியும்?

இரண்டும் ஒன்றுதான் என்றேன். நானாக இருந்தாலும் ஏமாந்திருப்பேன் என்றேன். பாவம், அந்த நிம்மதியாவது கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. இரும்புச்சட்டியைக் கட்டித்தரச் சொன்னாள்.

"அவரு முன்னால வறுத்துக் காட்டணும். கேட்டும் போகாம இருந்தேன்னு அன்னைக்குத் தொட்டு எனக்கிட்ட ஒரு வாக்கு மிண்டல்ல, பேச்சே கிடையாது. வேலைக்குப் போன மனுசன், சத்தம் எப்பிடி இருந்ததுன்னு அவருக்கு என்ன தெரியும்?"

அவர் யார் என்று கேட்டேன். வீட்டுக்காரர்தான், பாலராமபுரத்தில் தறி நெய்கிற சதாசிவன் என்றாள்.

சட்டியைக் கட்டிக் கொடுத்தேன். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது?

சதாசிவன் அன்று தறிக்குப் போகவில்லை. ஊர்வலத்தில் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். அவன் விழுந்ததும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் தப்பி ஓடியவர் அவர்தான்.