ஒட்டுப் பிடித்த கன்று

காஜா பெராங் நாற்றுப்பண்ணையின் வேலியில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் இன்னும் வெளிறாமல் ஆடுகிறது. ரப்பர்க் கன்றுகளின் இலைகளில் பனி உலரவில்லை. மறுநடவு தொடங்கியபின் ஊரில் பலருக்கு இங்கேதான் பிழைப்பு. ஜவுளிக்கடைச் சிப்பந்தி காதர் மைதீனும் மனுப் போட்டவர்தாம். வேலை கிடைத்ததோ தங்கை கணவன் உமருக்கு. ஒட்டுக்கட்டிய கன்றிலிருந்து மெழுகுத்துணியை உமர் மெல்லப் பிரிக்கிறான். "மச்சான், நீங்களே சுரண்டிப் பாருங்க. பண்ணைத் துவான் வந்து பாக்கறப்போ இது பச்சையா இருந்தா, ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் வேலை எனக்குத்தான். கருகிப்போயிருந்தா உங்க கடைக்கே துணி மடிக்க வந்துடுறேன் லா!" மண் சுமக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். காதர் மைதீனும் உதட்டை விரிக்கிறார். கருகித்தான் இருக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கத்தியை வாங்கி, ஒட்டிய மொட்டுக்குமேல் நுனியால் இலேசாகக் கீறுகிறார். ஈரம் மின்னும் பச்சை. "பிடிச்சிருச்சு, மண்டோரே!" என்று ஒருத்தி கூவுகிறாள். வாசலில் துவானின் கார் வந்து நிற்க, உமர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகிறான். காதர் மைதீனின் கத்தி இன்னும் கன்றைவிட்டு எழவில்லை. பச்சையைக் கடந்து, மொட்டின் அடியில், ஓசையின்றி இறங்குகிறது.