வாடகைக் குரல்

வெளிநாட்டில் யாரும் சொந்தக் குரலில் பேசக் கூடாது. குரலைத் திருடினால் ஊரில் வீட்டுப் பூட்டு, வங்கிக் கணக்கு எல்லாமே திறந்துவிடும். அதனால் விருதுநகரிலிருந்து ரோமில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்த மங்கையர்க்கரசியும் குரல் மாற்றும் கழுத்துப்பட்டை மாட்டி, யாரோ ஒருத்தியின் வாடகைக் குரலில்தான் பேசினாள்.

தம்பி மகளுக்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தது. அத்தைதான் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். மங்கை பட்டையைக் கழற்றினாள்.

"அக்கா, ஜன்னல் திறந்திருக்கு. உன் வீட்டையே காலி பண்ணிடுவானுங்க," என்றான் தம்பி.

"பண்ணட்டும்டா. எவளோ ஒருத்தி குரல்ல பேர் வைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

குனிந்து மூன்று முறை குழந்தையின் காதில் சொன்னாள். பிறகு ஜன்னலருகே போய், நான்காவது முறை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வேல்விழி."