நண்பகல் எச்சரிக்கை

நேற்றும் பன்னிரண்டு அடித்ததும் எர்மெக்கின் போனில் அதே எச்சரிக்கை. ‘அம்மா காலையிலிருந்து போனைத் தொடவில்லை. உடனே விசாரிக்கவும்.’

ஒன்பது நாளாக இதே கூத்து.

தனியாக வாழும் முதியவர்களுக்கென்று தலைநகர் பிஷ்கெக்கில் எர்மெக் வேலை செய்யும் சின்னக் கம்பெனி புதுப் போன் செய்கிறது. அதன் இயங்குதளத்துக்குள் அவன் பொருத்திய பின்னணிச் சேவை திரையில் தலைகாட்டாது. விடிந்ததிலிருந்து நண்பகல்வரை யாரும் போனைத் தொடாவிட்டால் பிள்ளைக்குச் சொல்லிவிடும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று போன் அதை அடிக்கடி நிறுத்திக் கொன்றது. மூன்று மாதம் மல்லுக்கட்டி, கொன்றாலும் எழுந்துகொள்ளும்படி செய்திருந்தான்.

சோதனைக்கான முதல் போனை, தொலைவில் நாரின் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கே அனுப்பினான். அது எப்படி வேலை செய்யும் என்பதையும் பொறுமையாக விளக்கினான்.

எச்சரிக்கை வந்ததும் பதறிப்போய் அழைப்பான். ஒரு ரிங் முழுதாகப் போவதற்குள் அம்மா எடுத்துவிடுவாள்.

“போனைத் தொட்டியாம்மா?”

“தொடாம என்ன? நீ சாப்டியா ராசா? அங்க பனி விழுதா?”

அப்படியென்றால் சேவைதான் பொய் சொல்கிறது. இன்று பதினொரு மணிக் கூட்டத்துக்குள் கோளாறு பிடிபடாவிட்டால் சேவையையே தூக்கிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

“உன் புள்ள இன்னைக்கும் செத்துட்டானா?” பக்கத்து மேசை ஜில்திஸ் சீண்டினாள். அந்தச் சேவைக்கு அவள் வைத்த பெயர் ‘புள்ள’.

அம்மாவின் போன் அனுப்பிய பதிவுகளை எர்மெக் வரிவரியாகப் படித்தான். ஒன்பது நாளில் சேவை ஒரு நொடிகூடச் சாகவில்லை. தினமும் விடிந்ததிலிருந்து அவன் அழைக்கும்வரை போனை யாருமே தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மலைக்குப் போயிருந்தான். எச்சரிக்கையைப் பார்த்தும், அதே கோளாறுதானே என்று அழைக்காமல் விட்டுவிட்டான்.

அன்றைய பதிவைத் திறந்தான். திங்கள் நண்பகல்வரை அந்தப் போனில் ஒரு விரல்கூடப் படவில்லை.

இந்தப் போனை அனுப்புவதற்கு முன் அவன் அம்மாவை அழைத்தது நூரூஸ் பண்டிகைக்கு. அது போன வசந்தத்தில்; இப்போது பனிக்காலம்.

“கோளாறு சேவையில இல்ல,” என்றான்.

“பின்ன எங்க?”

போனை எடுத்து அம்மாவை அழைத்தான். பத்தேகால்தான் ஆகியிருந்தது.

ஒரு ரிங் முழுதாகப் போகவில்லை. அம்மாவின் குரலில் கலக்கம்.

“என்னாச்சு ராசா? இன்னும் பன்னெண்டு ஆகலையே?”