ஓக் மரம் பிடித்த குடை

மலைச்சரிவில் நின்ற கிழ ஓக் மரத்துக்கு அன்று காலையிலேயே கோபம் தலைக்கேறிவிட்டது. குனிந்து பார்த்தால் காலடி முழுக்க மேப்பிள் கன்றுகள். தன் கன்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை.

"இது ஓக் காடு! என் பாட்டன் பூட்டன் நின்ன இடம். உன் பிள்ளைங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று பக்கத்து மேப்பிளிடம் சீறியது.

"நாங்களா விரட்டினோம் ஐயா? உங்க பிள்ளைங்களும் வருஷா வருஷம் முளைக்கத்தான் செய்யுது. வெயில் படாம ரெண்டு இலையோட வாடிப்போகுது. எங்க பிள்ளைங்க நிழல்லயும் பிழைச்சுக்கும். நீங்க அந்தக் கீழ்க்கிளையில ஒண்ணை உதிர்த்தா..."

"நிக்க இடம் கொடுத்தா என் கிளையையே வெட்டிக்கச் சொல்றியா? என்ன திமிர்!"

கத்திய கத்தலில் மூச்சு வாங்கியது. அப்போதுதான் அதன் வேர்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓக் கன்று மண்ணை முட்டிக்கொண்டு தலைநீட்டியது. கிழ மரம் உருகிப்போனது.

"வாடா என் ராஜா! எவனும் உன்னைத் தொட முடியாது. நான் இருக்கேன்" என்றது.

சொன்ன கையோடு, கன்றின்மேல் விழுந்துகொண்டிருந்த ஒரே ஒரு கீற்று வெயிலும் படாதபடி இலைகளை நெருக்கிக் குடை பிடித்தது.