நாக்கை மடக்கு

"சார், உங்க மாப்ள கைல சாக்ஸ் மாட்டிகினு அதாண்ட பேசிகினு கீறாரு. ஒரு எட்டு போயி பாருங்க."

இஸ்திரி வண்டி ரத்தினம் சொன்னதில் சத்தியநாதனின் காதில் முதலில் விழுந்தது விஷயம் அல்ல, இலக்கணம்.

"கீறுவது பூனை, ரத்தினம். மனிதன் இருப்பான். 'பேசிக்கொண்டிருக்கிறார்' என்று சொல்ல வேண்டும்."

"எப்பிடி சொன்னாலும் பேசிகினுதான் சார் கீறாரு. டெய்லி சாயங்காலம். ஜன்னல்ல நல்லா தெரியுது. சாக்ஸுக்கு மீசை வேற."

சத்தியநாதன் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். மாடம்பாக்கத்தில் ஒரு கடைக்காரர் 'பலக்கடை' என்ற போர்டை மாற்றி எழுதும்வரை அங்கே ஒரு எலுமிச்சைகூட வாங்காதவர். வார்த்தையைச் சரியாகச் சொல்ல வேண்டும்; சொன்ன வார்த்தையில் நிற்கவும் வேண்டும். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆறு மாதத்துக்கு முன்பு அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஒரே மகள் பியூலா, பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவில் மலாவி என்கிற நாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருடம் தொண்டு செய்யக் கிளம்பினாள்.

"போனால் இனி உன்னோடு பேச மாட்டேன்" என்றார்.

அவள் போனாள். இவர் பேசவில்லை.

மாப்பிள்ளை தினகரனாவது தடுத்திருக்கலாம். அவனோ டாட்டா காட்டி அனுப்பிவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ரயிலில் போய் வந்துகொண்டு, மிச்ச நேரமெல்லாம் பழைய சாக்ஸில் பொம்மை தைத்துக்கொண்டிருந்தான். இப்போது அந்தப் பொம்மையோடு பேசவும் ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

சத்தியநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

கதவு திறந்தே இருந்தது. ஹாலில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு போர்வையைக் கட்டி, அதன் பின்னால் தினகரன் குந்தியிருந்தான். எதிரே ஸ்டாண்டில் செல்போன். போர்வைக்கு மேலே சாம்பல் நிற சாக்ஸ் ஒன்று மட்டும் தலை நீட்டியது. பஞ்சு மீசை. கம்பியை வளைத்துச் செய்த மூக்குக்கண்ணாடி.

எங்கேயோ பார்த்த முகம்.

"இன்னிக்கு மத்தியானம் வெறும் வாளப்பளம்தான்" என்றது செல்போனிலிருந்து பியூலாவின் குரல்.

"பளமா?" என்று கனைத்தது சாக்ஸ். "என்ன தமிழ் இது? பழம்! நாக்கை மடக்கு!"

கனைப்பு உட்பட அது சத்தியநாதனின் குரல்.

பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சிக்னல் போய்விட்டது.

"ரொம்ப நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளை."

தினகரன் பதறி எழுந்ததில் போர்வை சரிந்தது. "மாமா! வாங்க, உட்காருங்க."

"எங்கே உட்கார? சோபாவில் முதலை உட்கார்ந்திருக்கிறது."

தினகரன் அவசரமாகப் பச்சை சாக்ஸ் முதலையை நகர்த்தினான். அவர் உட்காரவில்லை.

"புருஷனும் பெண்டாட்டியும் கேலி செய்து சிரிக்க நான்தான் அகப்பட்டேனா?"

"கேலி இல்ல மாமா. போன மாசம் பியூலாவுக்கு மலேரியா வந்துச்சு. உங்களுக்குத் திரும்பத் திரும்ப போன் பண்ணேன். நீங்க எடுக்கல. நேர்ல வந்தேன். அவ பேரை எடுத்ததுமே உள்ள போயிட்டீங்க."

"மலேரியாவா?"

"இப்ப சரியாயிடுச்சு. அப்ப ஜுரத்துல ஒரே புலம்பல். 'அப்பா ஒரு தடவை நாக்கை மடக்குன்னு திட்டினா எழுந்துருவேன்'னா. நான் உங்களுக்கு எங்க போவேன்? அவ வார்டு குழந்தைங்களுக்குன்னு தெச்சுட்டிருந்த வரிக்குதிரையை நிறுத்திட்டு உங்களைத் தெச்சேன்."

சத்தியநாதன் முதலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதுலேர்ந்து தினமும் வேணும்னே தப்பா சொல்றா மாமா. திட்டு வாங்கறதுக்கு."

செல்போன் அடித்தது. பியூலாதான்.

"பேசறீங்களா?"

"சொன்ன வார்த்தை சொன்னதுதான்" என்றார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

தினகரன் சாக்ஸைக் கழற்றி அவர் மடியில் வைத்தான். "நீங்க எங்க பேசறீங்க? சாக்ஸ்தானே பேசுது."

சத்தியநாதன் யோசித்தார். சாக்ஸ் பேசியது என்றால் எழுவாய் சாக்ஸ். இலக்கணப்படி அதில் பிழை இல்லை.

தினகரன் போர்வையை மறுபடி கட்டினான். மூட்டுவலியோடு அதன் பின்னால் அவர் குந்துவதற்குக் கை கொடுத்துவிட்டு, மறுபடி அடித்த போனை ஸ்டாண்டிலேயே ஆன் செய்தான். சாக்ஸ் மெல்ல மேலே வந்தது.

"எங்க போயிட்டீங்க? இங்க ஒரே மளை" என்றாள் பியூலா. "காலைலேர்ந்து விடாத மளை!"

சாக்ஸ் வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"சாப்ட்டியாம்மா?" என்றது. "ஜுரம் திரும்ப வரலையே? நனையாதம்மா."

அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு பியூலா சொன்னாள்:

"தினா, இன்னிக்கு உன் மிமிக்ரி சுத்தமா சரியில்ல. எங்க அப்பாவாவது, 'மளை'யைச் சும்மா விடறதாவது!"