உதடு எந்தப் பக்கம்?

உதட்டோரத் தோலில் காவல் இருந்த செல், கொப்புளத்தைக் கிளப்பிய வைரஸில் ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு, தாடைக்கு அடியில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்கு ஓடினான். சண்டை போடும் டி செல் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனை எழுப்பப் போனபோது, முடிச்சிலேயே குடியிருக்கும் செல் ஒருவர் மறித்தார்.

"வெளியாள் சொன்னா அவன் எழுந்திருக்க மாட்டான். எங்கிட்ட குடு."

காவலனுக்கு மூச்சு வாங்கியது. கொடுத்துவிட்டு மூலையில் சாய்ந்தான்.

அவர் துணுக்கை டி செல்லின் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாரு தம்பி, உதட்டுல புகுந்துட்டான். என்ன எரிச்சல்ங்கிறே, கண்ணால பாக்க முடியல."

டி செல் எழுந்தான். ஒருவன் பலராகி, அந்த இடமே புடைத்து, வெளியே நெறி கட்டிவிட்டது.

"நீங்க இல்லேன்னா உதடு என்ன ஆயிருக்கும்ணே" என்று எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

"சரிண்ணே, உதடு எந்தப் பக்கம்?"

பிறந்ததிலிருந்து முடிச்சைத் தாண்டாதவர் அவர். மெதுவாகத் திரும்பி மூலையைப் பார்த்தார்.

காவலன் படுத்தபடியே கையைத் தூக்கி வழியைக் காட்டினான்.